காதில் எழுதிய பெயர்

அத்தியாயம் 14

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அக்பர் அலி தும்மினால் சங்கராபுரம் பஸ் பிரேக் போட்டு நிற்கும். அப்பேர்ப்பட்ட குரல். வாஜித் போன பிறகு அந்தக் குரல் புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் எங்கோ விழுந்து கிடந்தது. தேடி எடுப்பார் இல்லை.

இன்று காலை அதுவே எழுந்து வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு மலைக்கு வர வாணாம்னா போனை மட்டும் குடுக்கச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

வாசலில் குட்டியானை என்று ஊரே கூப்பிடுகிற சின்ன லோடு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஷர்புன்னிசா பதில் சொன்னாள்.

"நீங்க பாத்துக்குவீங்க. பச்சை எது செவப்பு எதுன்னு தெரியாம போன வாரம் பள்ளிவாசல் முத்தவல்லிக்கு அஞ்சு தரம் போன் போட்டு வெறும் மூச்சை வுட்டீங்க. அந்த மனுசன் பயந்துபோய் தாயத்து கட்டிக்கினு திரியறாரு."

இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இங்கேயே கதவோரம் நின்று சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

அக்பர் அலியின் இளைய மகன் வாஜித். அப்பாவின் தீவனக் கடை மூலையில் ஒரு கண்ணாடி மேசை போட்டு போன் ரிப்பேர் பார்த்தவன். ஒரு கையில் தவிட்டுப் படி, மறு கையில் ஸ்க்ரூடிரைவர். பருத்திக்கொட்டை வாங்க வந்த மாடுகள்கூட அவனிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால், பாவாடை என்பவரிடம் அக்பர் அலியின் ஆடுகள் வாரத்துக்கு விடப்பட்டிருந்தன. ஆடு இவர்களுடையது, மேய்ப்பு அவர்களுடையது, பிறக்கிற குட்டியில் ஆளுக்குப் பாதி. அதுதான் வாரம். வாஜித் அந்த ஆடுகளுக்கெல்லாம் காதில் கம்மல்போல ஒரு மஞ்சள் வில்லை மாட்டினான். வில்லைக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு. கடையில் கார்டைத் தொட்டுக் காசு எடுக்கிறார்களே, அதே வித்தைதான். போனின் முதுகை வில்லையில் ஒட்டிப் பிடித்தால், அதில் எழுதி வைத்தது திரையில் வந்து நிற்கும். வில்லைக்கு சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம். ஆடு சம்மதித்தால் போதும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மலைக்குப் போனவன், மேலேயிருந்து அம்மாவுக்குப் போன் போட்டான்.

"பக்ரீத்துக்கு ஒரு கிடா குறிச்சிட்டேம்மா. யார் பேருக்கு குர்பானின்னு அது காதுலயே எழுதிப் பூட்டிட்டேன். அப்பப் பாத்துக்கோ."

அவன் பேசியது அதுதான் கடைசி. இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கியது. அவனைக் கொண்டு வந்தார்கள். அவன் போன் பள்ளத்திலேயே கிடக்கிறது.

யார் பேருக்கு என்பதில் ஷர்புன்னிசாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டில் குர்பானி ஆடு அறுப்பதெல்லாம் அக்பர் அலி பேருக்கு. ஒருமுறை அவரைப் பெற்ற அத்தா பேருக்கு. அவள் பேருக்கு ஒருமுறைகூட இல்லை. டவுசர் போட்ட வயதிலேயே வாஜித் கேட்பான், "உம் பேருக்கு எப்பம்மா?" என்று. கேட்டவன் மறந்திருப்பானா? மகன் கடைசியாக மலையில் நின்று நினைத்தது தன்னைத்தான். அதை நினைத்துத்தான் அவள் காலையில் எழுந்தாள். ராத்திரி படுத்தாள்.

இனி ருக்ஷானா. வாஜித்தின் மனைவி. கல்யாணமாகி ஒரு பக்ரீத்கூட வரவில்லை. 'நாளைக்கு எங்கம்மா வூட்டு விருந்து, மலைக்கு இன்னிக்கே போய்ட்டு வந்துடுங்க' என்று அன்று காலை அவள் சொன்னதை மாமியார் கேட்டிருந்தாள். அன்றிலிருந்து ஷர்புன்னிசா மருமகளிடம் நேராகப் பேசுவதில்லை. 'சோறு ஆறுது' என்று சுவரிடம் சொல்வாள். 'கொடியில துணி நனையுது' என்று குடத்திடம் சொல்வாள். அந்த வீட்டுச் சுவருக்குத் தெரிந்த குடும்ப ரகசியம் ஊரில் எந்த வக்கீலுக்கும் தெரியாது.

கணவனை இழந்தவள் வெளியே வராமலிருக்கிற இத்தா நாட்கள் முடிந்த பிறகும் ருக்ஷானா வாசல்படி தாண்டவில்லை. ஆனால் வில்லையைப் படிக்கிற போன் வீட்டில் அவளிடம் மட்டுமே இருந்தது. வாஜித் வாங்கிக் கொடுத்தது. மூத்தவன் அன்சரின் போன் அகலத்தில் தோசைக்கல்தான். இந்த வித்தை அதற்குத் தெரியாது.

"மாமா," என்றாள் ருக்ஷானா, கதவுக்குப் பின்னாலிருந்து. "ஆடு நிக்காது. காதைப் புடிச்சு, கவரைக் கழட்டி, கேமராவுக்குக் கீழ சரியா வெக்கணும். அவரு எனக்குத்தான் காட்டிக் குடுத்தாரு. நானே வரேன்."

ஷர்புன்னிசா சுவரைப் பார்த்தாள்.

"போறவங்க போவட்டும். எம் பேரை ஒழுங்கா படிச்சுக்கினு வரச் சொல்லு."

*

குட்டியானையில் மூன்று பேர் உட்காரலாம் என்று தயாரித்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவர்கள் அக்பர் அலியைப் பார்த்ததில்லை. அவர் உட்கார்ந்த பிறகு மிச்சமிருந்த இடத்தில் அன்சர் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டும், ருக்ஷானா கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டும் வந்தார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டும்வரை அன்சர் பேசிக்கொண்டே வந்தான்.

"இதோட மலைக்கணக்கு முடிச்சிடலாம்த்தா. இருக்கிற ஆட்டை ஓட்டியாந்து சந்தையில நிறுத்திடலாம். யாரு மேல போய்ப் பாத்துக்கினு இருக்கறது? அந்தாளு இன்னா செய்றாருன்னு நமக்குத் தெரியுமா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

கோமுகி அணையில் தண்ணீர் சுருங்கி, நடுவில் சேறு வெடித்திருந்தது. மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் அன்சர் ரேடியோவை நிறுத்தினான். ஒரு வளைவில் தடுப்புச் சுவரின் ஒரு பகுதி மட்டும் புதுச் சுண்ணாம்பில் வெளுத்துத் தெரிந்தது. அக்பர் அலி கண்ணை மூடிக்கொண்டார். அன்சர் கியரை மாற்றுகிற சாக்கில் குனிந்தான். ருக்ஷானா மட்டும் பார்த்தாள். கீழே உண்ணிச்செடிகள் பூத்திருந்தன. ஒரு மனிதன் விழுந்த இடம் இவ்வளவு அழகாக இருக்குமென்று அவள் நினைக்கவில்லை.

*

பாவாடையின் வீட்டுக்கு முன்னால் பலா மரம். பழ வாசனை பாதி மலைக்கு அடித்தது; மீதிப் பாதியில் ஆட்டுப் பட்டி வாசனை.

பாவாடையின் மனைவி ஆயம்மாள் ஓடி வந்து ருக்ஷானாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பாவாடை துண்டைக் கையில் சுருட்டியபடி வேலியோரம் நின்றார். பேச்சில் அவர் ஊமைக்கு அண்ணன். கல்யாணத்தன்று தாலி கட்டும்போது 'ம்' என்றவர், அதற்கப்புறம் இரண்டாவது 'ம்' முதல் பிள்ளை பிறந்தபோதுதான் சொன்னார் என்று மலையில் பேச்சு.

"வாங்க பெரிய பாய்," என்றார் இப்போது. அதுவே அவருக்குப் பெரிய சொற்பொழிவு.

ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். அன்சர் கொம்பைப் பிடிக்க, பாவாடை பின்காலைப் பிடிக்க, ருக்ஷானா போன் கவரைக் கழற்றிவிட்டுக் காதை இரண்டு விரலால் விரித்தாள். போனின் முதுகை வில்லையில் வைத்தாள். ஆடு தலையை உதறியது. மறுபடி வைத்தாள். போன் ஒருமுறை அதிர்ந்தது.

"படிம்மா," என்றார் அக்பர் அலி. அவருடைய கண்ணாடி வண்டியில் கிடந்தது.

"பாயிஸா அக்கா. எல்லாத்தையும் திம்பா. எதுவும் புடிக்கலம்பா."

ஆயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாயிஸா உளுந்தூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள். அந்த வெள்ளாட்டைப் பார்த்த யாரும் மறுக்க முடியாத அளவுக்கு முகஜாடை இருந்தது.

அடுத்த ஆடு.

"அன்சர் அண்ணன். காரணமே இல்லாம முட்டும்."

"இவனுக்கு வேலை இல்ல," என்றான் அன்சர். அந்த நொடி பார்த்து அது அவன் முழங்காலில் ஒரு முட்டு வைத்தது.

மூன்றாவது, மலையே அதிரக் கத்துகிற பெரிய கருங்கிடா. ருக்ஷானா தயங்கினாள்.

"படி."

"அத்தா. கத்தல் ஜாஸ்தி, கடி கம்மி."

அக்பர் அலி சிரித்தார். மகன் போன பிறகு முதல் சிரிப்பு. வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே கிடாவின் முதுகில் கையை வைத்தார். சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்கியது. முகத்தை அவர் திருப்பிக்கொண்ட பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. கிடாகூடக் கத்துவதை நிறுத்தியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி," என்றார். "அவன் குறிச்ச கிடா எங்க?"

பாவாடை ஆயம்மாளைப் பார்த்தார். ஆயம்மாள் தரையைப் பார்த்தாள்.

குடிசைக்குப் பின்னாலிருந்து பாவாடை ஒரு செவலைக் கிடாவைக் கூட்டி வந்தார். கொழுகொழுவென்று, முடி மின்ன, குளிப்பாட்டி நிறுத்திய மாப்பிள்ளைபோல் இருந்தது. கழுத்தில் ஒரு சிவப்புத் துணி. துணியில் மஞ்சள் வில்லை. இடது காதில் பாதி இல்லை.

அக்பர் அலி கிட்டே போனார். அறுந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"காது இன்னாப்பா ஆச்சு?"

"முள்ளுல மாட்டிக்கிச்சி பாய். வில்லையோட பிஞ்சிடிச்சி. அதான் கழுத்துல கட்டினேன்."

"பாவாடை, பாதிக் காது இல்லாத ஆடு குர்பானிக்கு ஆவாதுப்பா. காது முழுசா இருக்கணும்."

பாவாடை அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் ருக்ஷானா குனிந்து போனை வில்லையில் வைத்துவிட்டாள். முதல் வரிகளை யோசிக்காமல் சத்தமாகவே படித்தாள்.

"கருங்கிடா. நெத்தியில வெள்ளைச் சுட்டி. பக்ரீத் குர்பானிக்கு. யாரும் விக்க வாணாம்."

அன்சர் நிமிர்ந்தான்.

"கருங்கிடாவா? இது செவலையாச்சே."

பலா மரத்தில் ஒரு அணில் மட்டும் விடாமல் பேசியது.

"யோவ், எங்க ஆடு எங்க? வித்துட்டு வில்லையை மட்டும் இதுக்கு மாட்டி வெச்சிருக்கியா? நான் அப்பவே சொன்னன்ல அத்தா."

"விக்கல தம்பி," என்றாள் ஆயம்மாள். "செத்துப்போச்சி. கார்த்திகை மழையில கழிச்சல் கண்டுது. மருந்து குடுத்தோம், வைத்தியரும் பாத்தாரு. ஒண்ணும் நிக்கல."

"செத்தா காதை அறுத்தாந்து காட்டணும். அதான வாரத்து மொறை?"

அதுதான் முறை. மலையில் செத்த ஆட்டைச் சுமந்து கொண்டுவர முடியாது. விற்கவில்லை, செத்துத்தான் போனது என்று சொந்தக்காரருக்குத் தெரிய, காதை அறுத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். காதைப் பார்த்தபிறகு சொந்தக்காரர் ஒரு கேள்வி கேட்கக் கூடாது.

"அறுத்தோம் தம்பி," என்றாள் ஆயம்மாள். "அறுத்து, வாழை எலையில சுத்தி, அவரும் நானும் பஸ் ஏறி வந்தோம். உங்க தெரு முனை வரைக்கும் வந்துட்டோம். வூட்டு முன்னால பந்தலு போட்டிருந்துது. நாப்பதாம் நாள் பாத்தியா ஓதறாங்கன்னாங்க. உள்ள அம்மா அழுவறது தெருவுக்குக் கேக்குது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாவு வூட்டுக்கு அறுத்த காதோட எப்பிடி தம்பி வர்றது? அதுவும் சின்ன பாய் கையால கம்மல் மாட்டின காது. கால் வரல. அப்பிடியே திரும்பிட்டோம்."

அன்சரின் கை கருங்கிடாவின் கொம்பிலிருந்து நழுவியது. ஆடு போய்விட்டது. அவன் கவனிக்கவில்லை.

"அப்பறம் வெள்ளிக்கெழமை ஆனா அம்மா போன் பண்ணுவாங்க. 'கிடா எப்பிடிகீது ஆயம்மா'ன்னு. 'நல்லாகீதும்மா'ன்னேன். ஒரே ஒரு தரம் சொல்லிட்டேன். அதுக்கப்பறம் நிறுத்த முடியல. இந்த வாரம் வேலி தாண்டிச்சி, அடுத்த வாரம் என் பொடவையைத் தின்னுடிச்சின்னு சொல்லுவேன். அம்மா சிரிப்பாங்க. அது போன்லயே வளந்துக்கினு இருந்துது."

"இது?" என்று செவலையைக் காட்டினார் அக்பர் அலி.

"எங்க பங்குக் குட்டி. இருக்கறதுல நல்லது. அம்மாவுக்கு ஒரு ஆடு வேணுமேன்னு அந்தக் கம்மலை இதுக்கு மாட்டினாரு. மாட்டற மிசினு சின்ன பாய்கிட்ட இருந்துது. இவரு சாக்கு தைக்கிற கோணூசியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டாரு. புண்ணாகி, முள்ளுல மாட்டி..."

தன் பங்கில் நல்லதைக் கொடுத்தார். கொடுத்ததற்கு அடையாளமாக அவர் மாட்டிய வில்லையே அதைக் கொடுக்க முடியாததாக ஆக்கிவிட்டது. பாவாடை முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டார்.

அக்பர் அலி அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். ஒரு மலை இன்னொரு மலைக்குப் பக்கத்தில் உட்கார்வதுபோல் இருந்தது.

"உம் பங்கு ஆட்டை ஏம்ப்பா கெடுத்துக்கின," என்றார் மெதுவாக. "வந்து சொல்லியிருந்தா நான் இன்னா அடிக்கவா போறேன்."

"அடிச்சிருந்தா தேவல பாய்," என்றார் பாவாடை.

அக்பர் அலி எழுந்தார்.

"ஆடு எதுவா இருந்தா இன்னா. அவன் நெனச்ச பேருக்குப் போகணும், அவ்ளோதான். வயசு வந்த கிடாவா, காது முழுசா இருக்கறதா எது இருக்குது?"

அன்சர் பட்டியைச் சுற்றிப் பார்த்தான். மற்றவை பெட்டை, அல்லது வயதாகாத குட்டி. பொருந்துவது ஒன்றுதான். அதுவே முன்வந்து கத்தியது.

"அத்தாதான் இருக்கு," என்றான் அன்சர், சொன்னபிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு.

அக்பர் அலி அந்தக் கருங்கிடாவைப் பார்த்தார்.

"அதான் சரி. மொதல்லயே நான்தான் போயிருக்கணும்."



"பெருநாளைக்கு மொத நாள் நானே கொண்டாந்து வுடறேன் பாய்," என்றார் பாவாடை. "அது வரைக்கும் இங்க பச்சை மேயட்டும்."

"சரிப்பா. பேரு இன்னாம்மா போட்டிருக்கான்?"

ருக்ஷானா அந்தத் திரையை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு வரி அவள் சத்தமாகப் படிக்காதவை.

*பேரு: ருக்ஷானா. வூட்டுக்கு வந்து மொத பக்ரீத். அவகிட்ட யாரும் சொல்லாதீங்க, நான் சொல்லிக்கறேன்.*

"ருக்ஷானா?" என்றார் அக்பர் அலி.

அவர் கூப்பிட்டார். அவளுக்கு அவர் படித்துவிட்டதுபோல் இருந்தது.

"மாமி பேருதான் மாமா," என்றாள். "ஷர்புன்னிசான்னு போட்டிருக்காரு."

ஆயம்மாள் சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"அவரு வந்து..."

ருக்ஷானா அவளைப் பார்த்தாள்.

"அவரு வந்து," என்றாள் ஆயம்மாள், "அம்மா மேல உசுரா இருந்தாரு."

*

அந்த ஊரில் சிக்னல் குடியிருப்பது ஒரே ஒரு பாறைமேல். கல்யாணம், கருமாதி, காதல் எல்லாம் அந்தப் பாறையில் ஏறித்தான் பேசி முடிக்கப்படும். ஆயம்மாள் முன்னால் ஏறி, ருக்ஷானாவுக்குக் கை கொடுத்தாள்.

மாமனார் போனில் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் ஷர்புன்னிசா.

"இன்னாங்க?"

"நான்தான் மாமி."

அங்கே சுவர் எதுவும் பக்கத்தில் இல்லை போலிருக்கிறது.

"படிச்சியா?"

"படிச்சேன் மாமி. உங்க பேருதான்."

லைன் போய்விட்டதோ என்று ருக்ஷானா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. யாரோ மூச்சை மெல்ல மெல்ல விடுகிற சத்தம்.

"எனக்குத் தெரியும்," என்றாள் ஷர்புன்னிசா. "எனக்கு அப்பவே தெரியும். கிடா எப்பிடிகீது?"

ருக்ஷானா ஆயம்மாளைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குது மாமி. அன்சர் மச்சானை முட்டிடிச்சி."

ஷர்புன்னிசா சிரித்தாள். பிறகு குரல் மாறியது.

"வெயில்லயா நிக்கற?"

"பாறை மேல."

"முக்காட்டை இழுத்துப் போட்டுக்கோ. காலையில ஒண்ணும் திங்காம போய்ட்ட. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அங்க எதுனா குடுத்தா வாணாம்னு சொல்லாத, சாப்புடு. கேக்குதா?"

"கேக்குது மாமி."

"இன்னொண்ணு. அந்தக் கம்மலைக் கழட்டி எடுத்துக்கினு வா. பாயிஸா நாளைக்குக் காலையில வர்றா. அவ புதுப் போன்லயும் அந்த வித்தை இருக்குதாம். எம் பேரை நானே தொட்டுப் பாக்கணும்."

போன் ஓய்ந்தது. ருக்ஷானா பாறையில் உட்கார்ந்தாள்.

"மாட்டறப்ப உம் பேரைத்தான் சொன்னாரு," என்றாள் ஆயம்மாள். "சிரிச்சிக்கினே சொன்னாரு. 'அக்கா, அவகிட்ட சொல்லிடாத'ன்னாரு. நீ ஏம்மா இப்பிடி?"

"கிடா நல்லாகீதுன்னு நீங்க ஏங்க்கா சொன்னீங்க?"

ஆயம்மாள் அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு இறங்கி வந்து, ஆயம்மாள் செவலையின் கழுத்திலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்தாள். சாமைச் சோறு போட்டாள். ருக்ஷானா வேண்டாம் என்று சொல்லவில்லை.

*

இறங்கும்போது வில்லை அவள் உள்ளங்கையில் இருந்தது. ஒரு சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்குள் அவனும் அவளும் மாமியாரும் எப்படி அடங்கினார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

படிக்கத் தெரிந்த போனுக்கு எழுதவும் தெரியும். அதையும் வாஜித்தான் காட்டிக் கொடுத்திருந்தான். முக்காட்டு மறைவில் அவள் எழுதுகிற பக்கத்தைத் திறந்தாள். ருக்ஷானா என்று இருந்ததை அழித்தாள். ஷர்புன்னிசா என்று அடித்தாள். கடைசி வரியை அழிக்க மட்டும் விரலுக்கு நேரம் பிடித்தது. அவகிட்ட யாரும் சொல்லாதீங்க. அவன் குரல் அதில்தான் இருந்தது. அதையும் அழித்தாள். எழுது என்பதை அழுத்தி, போனை வில்லையில் ஒட்டினாள்.

போன் அதிர்ந்தது. திரையில் வந்தது.

*இந்த வில்லை பூட்டப்பட்டது. இனி மாற்ற முடியாது.*

எழுதிப் பூட்டிட்டேன் என்றான். விளையாட்டாகச் சொல்கிறான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். மற்ற ஆடுகளுக்கெல்லாம் கிண்டல் எழுதித் திறந்தபடி விட்டவன், இந்த ஒன்றை மட்டும் யாரும் கை வைக்காதபடி பூட்டியிருக்கிறான்.

அவள் திரும்பவும் போனை ஒட்டினாள். பழைய வரிகளே வந்தன. பேரு: ருக்ஷானா.

வண்டி அந்த வளைவுக்கு வந்தது. புதுச் சுண்ணாம்பு, உண்ணிச்செடிகள். கண்ணாடி இறக்கியிருந்தது. ருக்ஷானாவின் மூடிய கை ஜன்னலுக்கு வெளியே போனது. விரலை விரித்தால் போதும். காணாமல் போய்விட்டது மாமி என்று சொல்லிவிடலாம். பள்ளத்தில் அவன் போனுக்குப் பக்கத்தில் இதுவும் கிடக்கும்.

வளைவு கடந்தது. கை மூடியபடியே உள்ளே வந்தது.

"அவன் எழுதினதை ஒரு தரம் காட்டும்மா," என்றார் அக்பர் அலி, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு. "எழுத்தையாவது பாக்கறேன்."

"போன்ல சார்ஜ் தீந்துடுச்சு மாமா."

காலையில் புறப்பட்டபோது ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத பெண். மாலைக்குள் மலையையே பொய்யால் மூடியிருந்தாள். அக்பர் அலி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

மாலைத் தொழுகையான மக்ரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. ஷர்புன்னிசா வாசலில் நின்றிருந்தாள். தலை வாரியிருந்தாள். புடவை மாற்றியிருந்தாள். அவள் வாசலில் நிற்பதைப் பார்த்த தெரு, வேலையைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தது.

கணவரைப் பார்க்கவில்லை. அன்சரைப் பார்க்கவில்லை. நேராக ருக்ஷானாவிடம் கையை நீட்டினாள்.

ருக்ஷானா வில்லையை வைத்தாள்.

ஷர்புன்னிசா அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். திருப்பினாள். வெறும் மஞ்சள். காதில் வைத்துப் பார்த்தாள், அதில் ஏதாவது கேட்கும் என்பதுபோல. பிறகு உதட்டில் ஒற்றி, முந்தானை நுனியில் வைத்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"வா," என்றாள். சுவரிடம் இல்லை. குடத்திடம் இல்லை. ருக்ஷானாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். தட்டு ஏற்கெனவே வைத்திருந்தது. கறிவேப்பிலை மிதக்க மீன் குழம்பு, ருக்ஷானாவுக்குப் பிடித்தது. வாஜித் இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் வைத்தது.

"உக்காரு. முகமெல்லாம் வாடிப்போய்கீது. நான் உன்னை ரொம்ப வதைச்சிட்டேன்."

"இல்ல மாமி."

"சும்மா இரு. எனக்குத் தெரியாதா?" சோற்றில் குழி செய்தாள். "ஏழு மணி பஸ்ஸுக்கு ஏறிட்டா எட்டரைக்கெல்லாம் பாயிஸா வந்துடுவா. வந்ததும் மொத வேலை இதுதான். நீயும் பக்கத்துல இரு. நீதான் எனக்குப் படிச்சுக் காட்டணும்."

ருக்ஷானா ஒரு வாய் எடுத்தாள். அடுத்ததற்கு மீனைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"முள்ளு இருக்கும், பாத்துத் தின்னு," என்றாள் ஷர்புன்னிசா. இன்னும் கொஞ்சம் ஊற்றக் குனிந்தாள். முந்தானை சரிந்து இறங்கியது. அந்தச் சின்ன முடிச்சு ருக்ஷானாவின் தட்டுக்கு நேர் மேலே வந்து ஆடிக்கொண்டிருந்தது.